மூன்றாம் சுற்று

கோமதிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இது புகுந்த ஊரில் அவள் கணவர் மோகனசுந்தரத்துக்கும் மகள் அனுப்பிரியாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அனுப்பிரியா இறந்த பிறகு ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாகிவிட்டது.

பிறந்தது, பேசியது, சண்டை போட்டது எல்லாம் தமிழில்தான். ஆனால் அவள் அப்பாவுக்கு ஒரு கனவு இருந்தது. பெண் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக் கேரள சர்க்கார் உத்தியோகத்தில் உட்காருவாள் என்று வண்டித்தாவளத்தில் மலையாள மீடியத்தில் சேர்த்துவிட்டார். உத்தியோகம் வரவில்லை, கல்யாணம்தான் வந்தது. எல்லையோரத்து வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பும் மாடுகளும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பஸ் போர்டை அவள் படித்துச் சொல்வாள், கல்யாணப் பத்திரிகையை அவர் படித்துச் சொல்வார். எல்லா போர்டும் இரண்டு எழுத்திலும் இருக்கும் ஊரில் ஓர் எழுத்து தெரியாமலே காலத்தைத் தள்ளிவிடலாம். யாரும் கேட்டதில்லை. தமிழச்சிக்குத் தமிழ் தெரியுமா என்று யார் கேட்பார்கள்?

கோயில் மண்டபத்தில்தான் அது சிக்கலானது.

அனுப்பிரியா இடுக்கியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷ மழையில் எலிப்பனி என்னும் எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று ஹாஸ்டலிலிருந்து போனில் சொன்னாள். இவர்கள் பஸ் பிடித்து மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது அவள் பேச்சு நின்றிருந்தது. காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து மோகனசுந்தரத்தின் அக்கா மயிலாத்தாள், "ஊட்டுக்குள்ளயே கெடந்தீன்னா கிறுக்குத்தான் புடிக்கும்" என்று சொல்லிக் கோமதியைக் கையைப் பிடித்து மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் கூடி, எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஓர் ஆசிரமத்துச் சாமியார் எழுதிய புத்தகத்தைப் படித்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், முறை வைத்து, சத்தமாக.

முதல் வாரம் தன் முறை வந்தபோது கோமதி கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றாள். அடுத்த வாரமும் மறந்தாள். அதற்கடுத்த வாரம் மயிலாத்தாள் எல்லார் முன்னாலும், "உன்ர கண்ணாடிக்கு வெள்ளிக்கிழமையானா காலு மொளச்சிருமாட்ட" என்றாள். துக்கத்துக்குப் பிறகு தன்னைப் பார்த்து யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. கோமதியும் கூடச் சிரித்தாள். மறு வாரத்திலிருந்து போகவில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் 'உடல் விழுந்த பின்' என்று ஓர் அத்தியாயம் உண்டு. போனவர்கள் எங்கே போகிறார்கள் என்று சாமியார் அதில் விளக்கியிருக்கிறார். இதைச் சொன்ன பெண் வெற்றிலையை மடித்துக்கொண்டே, பக்கத்து ஊருக்கு எந்த பஸ் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனாலேயே கோமதிக்கு அது நம்பும்படி இருந்தது. ஞானம், முக்தி இதிலெல்லாம் அவளுக்கு அக்கறை இல்லை. பிள்ளை எங்கேயோ இருக்கிறாள், ஒருநாள் பார்க்கலாம் என்று தெரிந்தால் போதும். இல்லை என்றால் அதையாவது யாராவது சொல்லட்டும்.

வீட்டில் படிக்கிறவர்கள் அந்த அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்துப் படிக்கக்கூடாது என்பது ஆசிரமத்தின் பாடமுறை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். வாய்விட்டுப் படிக்க வேண்டும். அடுத்த பக்கத்தை எட்டிப் பார்க்கக்கூடாது. முடித்ததும் சற்று நேரம் பேசாமல் உட்கார வேண்டும். இப்படி மூன்று சுற்று. முதல் சுற்று காதுக்கு, இரண்டாம் சுற்று மனதுக்கு. மூன்றாம் சுற்றில் இதுவரை கேட்டவர் படிக்க, படித்தவர் கேட்க வேண்டும்.

கோமதி புத்தகத்தை வாங்கிவந்து மோகனசுந்தரத்திடம் சொன்னாள். அவருக்குச் சாமியார்களைப் பிடிக்காது. கோயிலுக்குப் போனாலும் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பார். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் சுற்றில் நீ எப்படிப் படிப்பாய் என்று கேட்டார். அதற்குள் எழுத்துக் கூட்டப் பழகிக்கொள்கிறேன் என்றாள். சாயந்திரம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தபிறகு உட்காரலாம் என்று அவர் சொன்னபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் போனதிலிருந்து அவர் தோப்பிலும் இவள் மாட்டுக்கொட்டகையிலுமாக இருந்தார்கள். ஒருவர் இருக்கும் அறைக்கு மற்றவர் காரணமில்லாமல் போவதில்லை. இப்போது ஒரு காரணம் கிடைத்திருந்தது.

தை மாதத்தில் ஆரம்பித்தார்கள். காற்று ஓய்வில்லாமல் அடிக்கும் மாதம். தென்னைமரங்களின் இரைச்சலுக்கு மேல் அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்போல விரலை வரிக்கடியில் வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். வரி முடிகிற இடத்தில் அர்த்தம் முடியாவிட்டாலும் நிறுத்துவார். "இந்தச் சாமியாரு மூச்சே உடமாட்டாராட்ட இருக்குது. ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியம்" என்பார். சாமியாருக்கு ஒரு வாரம் மாடு கறக்கக் கொடுத்தால் வாக்கியம் சின்னதாகிவிடும் என்பார். படிப்பு முடிந்து பேசாமல் உட்காரும்போது அவர் தூங்கிவிடுவதும் உண்டு.

அவளுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் சொந்தமாக ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் மேலே வந்து உட்காரும் அந்தப் பாரத்துக்கு முன்னால், இன்று எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி வர ஆரம்பித்தது. பாரம் குறையவில்லை. அது வந்து உட்காருவதற்குச் சற்றுத் தாமதமானது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தில் எழுந்து பல் தேய்த்துவிட முடிந்தது.

எழுத்துக் கூட்டிப் பழகுவது நடக்கவில்லை. பகலில் புத்தகத்தை எடுத்தால் அடுத்த பக்கத்தைப் பார்த்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. விதியை மீறினால் அந்த அத்தியாயத்தில் வேறு ஏதாவது எழுதியிருந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். அது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

'உடல் விழுந்த பின்' வந்தபோது மறுபடியும் மழைக்காலம். அனுப்பிரியாவின் முதல் திதி முடிந்திருந்தது. அன்று சாயந்திரம் மோகனசுந்தரம் நனைந்துகொண்டு வந்தார். துண்டால் தலையைத் துவட்டி, தலைப்பைப் படித்தார். பிறகு நிறுத்தினார். கண்கள் பக்கத்தின் கீழ்வரை போய் மேலே வந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்குப் பார்க்கலாமா, இருட்டாயிருக்கிறது என்றார். அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

அவர் படித்தார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நெடுநேரம் விட்டுப் படித்தார். வாக்கியங்கள் சின்னதாக இருந்தன. ஓரிடத்தில் இப்படி வந்தது: "தாயை அறிந்த உயிர் அவளைத் தாண்டிப் போகாது. அவள் வருகிறவரைக்கும் வாசலில் நிற்கும்."

கோமதி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். அவள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த சில நாட்கள் அந்த அத்தியாயம் முழுக்க அதே மாதிரி இருந்தது, அமைதியாக, சின்னச் சின்ன வாக்கியங்களாக. சாமியார் இதற்காகத்தான் இத்தனை பக்கம் மூச்சுவிடாமல் எழுதினாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் சாப்பிட ஆரம்பித்தாள். அனுப்பிரியாவின் அறையைக் கூட்டி ஜன்னலைத் திறந்துவிட்டாள். மாட்டின் மடியில் கை வைத்துக்கொண்டு அந்த வரியை முணுமுணுப்பாள். சாயந்திரங்களில் முன்வாசல் கதவைச் சாத்துவதில்லை என்று ஒரு பழக்கம் வந்தது. இருட்டி, சாப்பிட்டு, படுக்கப் போகும்வரை திறந்தே கிடக்கும். மோகனசுந்தரம் கதவையும் அவளையும் பார்ப்பார். முகம் தெளிந்திருப்பதாக மயிலாத்தாள் சொன்னாள். தன் தம்பி சாமி புத்தகம் படிக்கிறான் என்பதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

முதல் சுற்று முடிந்ததும் அவர் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டார். ஒருமுறை படித்தாயிற்றே, போதாதா என்றார். மோட்டாரில் காயில் எரிந்துபோய்விட்டது என்றார், வாய்க்கால் தண்ணி முறை வருகிறது என்றார். கோமதி விடவில்லை. அந்த வரிக்கு மறுபடி போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. முறையாகப் போனால் இரண்டாம் தடவை அது இன்னும் உறுதியாகிவிடும் என்று தோன்றியது. சலித்துக்கொண்டே உட்கார்ந்தார். இந்தச் சுற்றில் அவர் சாமியாரைக் கேலி செய்யவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயந்திரம் அந்த அத்தியாயம் திரும்ப வந்தது. கோமதி புடவையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். உயிர் அமைதியாகப் போய்ச் சேரும், அங்கே பசியில்லை, நோயில்லை என்று போனது. நல்ல வாக்கியங்கள்தான். அவள் காத்திருந்தாள்.

"வாசல்ல நிக்கும்னு வருமேங்க?"

அவர் பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் விரல் தலைப்புக்குக் கீழே வைத்த இடத்திலேயே இருந்தது. நகரவே இல்லை.

"அது அடுத்த பக்கமா இருக்கும்" என்றார்.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவரே, "தாயோட அன்பு உயிரை வழிநடத்தும்" என்று ஒன்றைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையாட்டினாள். வாய்க்கு வந்ததைச் சொன்னவருக்கு மறந்துபோயிருந்தது. கேட்டவள் மனப்பாடம் செய்திருந்தாள். இதை அவள் உடனே இத்தனை தெளிவாக நினைக்கவில்லை.

சில நாள் கழித்துப் பால் சொசைட்டி வாசலில் மயிலாத்தாளைப் பார்த்தாள். மயிலாத்தாளின் மகன் கட்டிய பெண் ஷிஜி, ஒலவக்கோட்டுக்காரி, மலையாளத்துப் பெண். அவள் அதே புத்தகத்தை மலையாளத்தில் படித்துவிட்டு மாமியாரையே கேள்வி கேட்டு மடக்குகிறாள் என்று மயிலாத்தாள் பெருமையும் புகாருமாகச் சொன்னாள்.

மலையாளத்தில் இருக்கிறது என்பதே கோமதிக்கு அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் தர முடியுமா என்று கேட்டாள்.

"உனக்கெதுக்கு? அதுக்கும் கண்ணாடி வேணுமல்லொ" என்றாள் மயிலாத்தாள்.

"அதுக்கு வேண்டாமுங்க நங்கையா" என்றாள் கோமதி நாத்தனாரிடம்.

மயிலாத்தாள் பால் தூக்கைக் கைமாற்றிக்கொண்டு அவளையே பார்த்தாள். மண்டபத்தில் நடந்ததெல்லாம் மயிலாத்தாளின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

மாட்டுக்கொட்டகையில், தீவன மூட்டைமேல் உட்கார்ந்து கோமதி அந்த அத்தியாயத்தைத் திறந்தாள். விதி, சுற்று எல்லாவற்றையும் தாண்டி நேராக அங்கே போனாள். எழுத்துகள் பள்ளிக்கூடத்து நாள்போலத் தடையில்லாமல் வந்தன. சாமியார் இங்கேயும் மூச்சுவிடாமல்தான் எழுதியிருந்தார். உறவு உடம்போடு வந்தது, உடம்போடு போகும் என்று எழுதியிருந்தார். மகள் என்பது உனக்கும் ஓர் உடம்புக்கும் நடுவே இருந்த பெயர், உடம்பு விழுந்தபின் அந்தப் பெயரைக் கேட்க அங்கே யாரும் இல்லை. யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. காத்திருக்கிறார்கள் என்று சொல்கிறவன் உன் துக்கத்துக்கு இனிப்புக் கொடுக்கிறான். இதைத் தாங்க முடியாதவர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடலாம்.

அவள் மூடவில்லை. மற்ற அத்தியாயங்களைப் புரட்டினாள். எல்லாம் அவர் படித்தபடியே இருந்தன. அது ஒன்றைத் தவிர.

நன்றி வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கோபமும் வரவில்லை. அந்த மழைநாளில் அவர் கண் பக்கத்தின் கீழ்வரை போய் மேலே வந்தது நினைவுக்கு வந்தது. அத்தனை நேரத்தில் இதையெல்லாம் அவர் படித்துமுடித்து, விழுங்கிவிட்டு, வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். மகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்விட்டு அவள் பார்த்திராத மனுஷன். அந்த வரியை எங்கிருந்து எடுத்தார்?

கறவை மாடு திரும்பி அவளைப் பார்த்தது. அப்போது தெரிந்தது. அனுப்பிரியா லீவு முடிந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாட்களில் கோமதி இந்தக் கொட்டகையில்தான் இருப்பாள். சொசைட்டிக்கு நேரமாகிவிடும் என்று அவசரமாகக் கறந்துகொண்டிருப்பாள். பஸ் போய்விடும் என்று அப்பா வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடிப்பார். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அம்மா வந்து முகத்தைப் பார்க்காமல் நகரமாட்டாள். வண்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தவர் அவர்.

ஆக, அந்த வரி இனி நடக்கப்போவதைப் பற்றியது இல்லை. நடந்து முடிந்ததைப் பற்றியது. அதற்குமேல் அவரிடமும் ஒன்றும் இல்லை.

மலையாளப் புத்தகத்தை அவள் ஒளிக்கவில்லை. தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தாள். அவர் பார்த்தார். அட்டைப் படம் ஒன்றுதான். கையில் எடுத்துப் புரட்டினார். அந்த எழுத்து அவருக்குப் பிடிபடாது. திரும்ப வைத்துவிட்டு மோட்டாரைப் போடப் போனார். மூன்றாம் சுற்று உனக்கு இனிச் சுலபம் என்று மட்டும் அன்று சாப்பிடும்போது சொன்னார்.

நிறுத்தியிருக்கலாம். இருவருக்கும் அந்தப் புத்தகத்திலிருந்து வேண்டியது எதுவும் மிச்சமில்லை. ஆனால் நிறுத்தினால் சாயந்திரங்களில் எந்த அறையில் உட்காருவது என்று இருவருக்கும் தெரியாது. கோமதி படித்தாள். மலையாளத்தில் பார்த்து, தமிழில் சொன்னாள். முதலில் தடுக்கியது, பிறகு பழகிவிட்டது. அவர் சுவரில் சாய்ந்து கேட்டார். தூங்கவில்லை.

அந்த அத்தியாயம் நெருங்க நெருங்க அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அவர் வரியை அவருக்கே திருப்பிச் சொல்லிவிடலாம். வாசலில் நிற்கும் என்று படிக்கலாம். அவர் புரிந்துகொள்வார். ஆனால் அப்படிச் செய்தால் அவர் மறுபடியும் தனியாகிவிடுவார். இப்படி ஒன்றைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரே வீட்டில் நடமாடுவது எப்படியிருக்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். அச்சில் உள்ளதைப் படித்துவிட்டால் இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்கும். அவருக்கு அது புதியதும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து சுமக்கலாம். இப்படித்தான் நினைத்தாள். இவ்வளவு யோசித்தவள், அவரைப் பற்றி ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

பங்குனி வெயிலில் தோப்பு காய்ந்து கிடந்தது. கள் இறக்குகிறவர்கள் இறங்கிப் போன பிறகு காற்றும் இல்லை. முன்வாசல் கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. கோமதி தலைப்பைப் படித்தாள். பிறகு உள்ளதை உள்ளபடி படித்தாள். உறவு உடம்போடு போகும் என்று படித்தாள். மகள் என்ற பெயரைப் பற்றிப் படித்தாள். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று படித்தாள். முழுப் பக்கத்தையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தாள்.

விதிப்படி பேசாமல் உட்கார வேண்டிய நேரம். மோகனசுந்தரம் பேசினார்.

"வாசல்ல நிக்கும்னு ஒண்ணு வருமே" என்றார். "மலையாளத்துலயும் இல்லியா?"

அவள் நிமிர்ந்தாள். அவர் கேலி செய்யவில்லை. தெரியாததுபோல நடிக்கவும் இல்லை. கையில் துண்டை முறுக்கிக்கொண்டு, அவள் மடியில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஐசியுவில் இருந்தபோது கதவைத் திறந்து வெளியே வந்த நர்ஸின் கையிலிருந்த அட்டையை இப்படித்தான் பார்த்தார்.

"இல்லீங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். சற்று நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"தமிழ்ல போடறப்ப உட்டுட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் சொன்னதைத்தான் அவள் நம்பினாள். அவள் நம்பியதைப் பார்த்துப் பார்த்து அவரும் எப்போதோ நம்ப ஆரம்பித்திருக்கிறார். கதவு திறந்து கிடந்த சாயந்திரங்களில் அவரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவருக்கு இருந்தது அவ்வளவுதான். அதை அவள் இப்போது படித்து முடித்துவிட்டாள்.

கொட்டகையில் கன்று கத்தியது. யாரும் எழவில்லை.

பிறகு அவர் சுவரில் கை ஊன்றி எழுந்தார். முன்வாசலுக்குப் போய் ஒரு நிமிஷம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொசு வருது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.